பெரியகுளத்துக்கு அடியில யாரு இருக்கா?

கோயமுத்தூர்க்காரங்களுக்கு உக்கடம் பெரியகுளத்தை அறிமுகப்படுத்தவே வேண்டாம். வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்கு மட்டும் சொல்லிடறேன்: ஊருக்கு நடுவுல, பஸ் ஸ்டாண்டை ஒட்டி, சுமார் 320 ஏக்கருக்கு விரிஞ்சு கிடக்கிற தண்ணி. சாயங்காலம் போனா நடைபாதை, கலர் லைட்டு, வாக்கிங் போறவங்க, சைக்கிள் ஓட்டற பசங்க, 'ஐ லவ் கோவை' எழுத்துக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கற கல்யாண ஜோடிங்க. குளத்தைச் சுத்தி ஒரு பூங்கா. இல்ல, பூங்காவுக்கு நடுவுல ஒரு குளம். எது எதுக்காக இருக்குங்கறதுதான் இன்னைக்கு நம்ம கேள்வியே.

2000-ல சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ஒரு பட்டியல் வெளியிட்டுச்சு. சொந்த ஊரை விட்டு வெளியூர் போய் அங்க இருக்கற உயிர்களை அழிச்ச, உலகத்துலயே மோசமான 100 உயிரினங்கள். அதுல மூணு பேரு நம்ம கோவைக் குளங்கள்ல சாதாரணமா குடியிருக்காங்க. ஆகாயத்தாமரை, ஜிலேபி மீன், கம்பூசியா மீன். மூணு பேருமே தானா வரல. ஒண்ணை அழகுக்குன்னு கொண்டு வந்தாங்க, ஒண்ணை சாப்பாட்டுக்குன்னு, இன்னொண்ணை வைத்தியத்துக்குன்னு. நல்ல எண்ணத்தோட ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளி விட்ட மூணு ரிலீஸ்னு வெச்சுக்கோங்க. எதுக்கும் ரோல்பேக் கிடையாது.

இதுங்களை 'வந்தேறி'ன்னு சொல்ற வழக்கம் இருக்கு. எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அதை மனுசங்க மேல எறிஞ்சு எறிஞ்சு நாறடிச்சுட்டாங்க. நான் 'வெளியூர்க்காரங்க'ன்னே சொல்றேன். குடிவந்தது அவங்க தப்பும் இல்ல.

முதல்ல குளத்தோட கதை. வெள்ளியங்கிரி அடிவாரத்துல பொறக்கற நொய்யல், கோவை, திருப்பூர் வழியா ஓடி, கரூர் மாவட்டத்துல நொய்யல்ங்கற அதே பேருள்ள ஊர்ல காவிரியில சேருது. வருசம் முழுக்க ஓடற ஆறு கிடையாது. மழை பெய்ஞ்சா வெள்ளம், மத்த நாள் மணல். அதனால பழைய ஆளுங்க ஆத்துக்குக் குறுக்க அணைக்கட்டு கட்டி, வாய்க்கால் வெட்டி, வெள்ளத்தைக் குளம் குளமா நிறுத்தி வெச்சாங்க. ஒண்ணு நிறைஞ்சா அடுத்ததுக்கு. செல்வசிந்தாமணி, பெரியகுளம், வாலாங்குளம்னு வரிசையா. கொங்குச் சோழர் காலத்து வேலைன்னு சொல்லுவாங்க. எந்தக் குளத்தை எந்த ராஜா வெட்டினாருங்கற சண்டைக்குள்ள நான் போகல. எனக்கு முக்கியமாப் படறது அந்தக் குளம் எப்படி வேலை செஞ்சதுங்கறதுதான்.

ஏரிப்பாசனக் குளத்துக்கு ஒரு வருசக் கணக்கு உண்டு. மழைக்காலத்துல நிறையும். மதகு வழியா ஆயக்கட்டு வயலுக்குத் தண்ணி போகும். கோடையில வத்தும். அடி தெரியற அளவுக்கு வத்தினதும் ஊர்க்காரங்க வண்டி கட்டி இறங்கி வண்டல் மண்ணை அள்ளித் தன் தன் வயலுக்குக் கொண்டு போவாங்க. குளமும் ஆழமாச்சு, வயலுக்கும் எரு ஆச்சு. குடிமராமத்துன்னு பேரு. இந்த வழக்கம் தளர ஆரம்பிச்சப்ப வெள்ளைக்கார அரசாங்கம் 1858-ல 'சென்னை கட்டாய உழைப்புச் சட்டம்'னு ஒண்ணு போட்டு, கரை உடையற மாதிரி அவசரம் வந்தா ஊர்க்காரங்க கட்டாயம் வரணும்னுச்சு. காலங்காலமா தானா நடந்த வேலைக்குச் சட்டம் போட வேண்டிய நிலைமை வந்ததுலயே கதை தெரியுது.

1930 வாக்குல கோயமுத்தூருக்குச் சிறுவாணித் தண்ணி வந்துச்சு. அந்த இனிப்புத் தண்ணியைக் குடிச்சதுக்கப்புறம் ஊருக்குக் குளத்துத் தண்ணி மேல இருந்த பயம் கலந்த மரியாதை போயிடுச்சுங்கறது என்னோட கணிப்பு. மில்லு வந்துச்சு, வீடு வந்துச்சு, ஆயக்கட்டு வயல் சைட்டு ஆச்சு. பாசனம் போச்சு, ஆனா குளம் நின்னுச்சு. என்ன, மழைத்தண்ணிக்குப் பதிலா சாக்கடை வர ஆரம்பிச்சுது. அப்புறம் பொதுப்பணித் துறைகிட்ட இருந்து மாநகராட்சி குளங்களை நீண்ட காலக் குத்தகைக்கு வாங்குச்சு. 2013 கோடையில பெரியகுளம் காய்ஞ்சு கிடந்தப்ப காலேஜ் பசங்க, ஐ.டி. ஆளுங்க, வீட்டுப் பெண்கள்னு ஏகப்பட்ட பேர் மண்வெட்டி எடுத்துட்டு இறங்கித் தூர் வாரினாங்க. 2016 ஜனவரியில பொலிவுறு நகரத் திட்டத்தோட முதல் 20 ஊர்ப் பட்டியல்ல கோவை வந்துச்சு. நடைபாதையும் கலர் லைட்டும் அதுக்கப்புறம் வந்தது.

இப்ப வெளியூர்க்காரங்க கதைக்கு வருவோம்.

ஆகாயத்தாமரைங்கற பேரே கடன் வாங்கினது. சித்த வைத்தியத்துல ஆகாயத்தாமரைன்னா ரோஜாப்பூ மாதிரி இலை விரிச்சு மிதக்கிற, பூவே கண்ணுக்குத் தெரியாத வேற ஒரு செடி. நாம இன்னைக்குப் பாக்கற, ஊதாப்பூ பூக்கற, காம்பு பலூன் மாதிரி உப்பி இருக்கற செடி அமேசான் பக்கத்துது. வந்து இடத்தைப் பிடிச்சதோட, பழையவளோட பேரையும் பிடிச்சுக்கிச்சு. சில ஊர்ல வெங்காயத்தாமரைங்கறாங்க, அது இன்னும் பொருத்தம்.

இந்தச் செடி உலகம் சுத்தினதுக்கு ஒரே காரணம் பூ. 19ஆம் நூற்றாண்டுப் பணக்காரங்க தோட்டத்துல அலங்காரக் குளம் வைக்கறது ஒரு மோஸ்தர். அல்லி வேணும், தாமரை வேணும், புதுசா ஏதாவது வேணும். 1884-85-ல நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு பெரிய பருத்திக் கண்காட்சி நடந்துச்சு, அங்க வந்தவங்களுக்கு இந்தச் செடியைப் பரிசாக் குடுத்தாங்கன்னு ஒரு கதை எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். அந்தக் கதைக்கு ஆதாரம் ரொம்ப மெலிசு. ஆனா அதுக்கப்புறம் ஃப்ளோரிடாவுல நடந்ததை அமெரிக்க விவசாயத் துறை 1897-லயே எழுதி வெச்சிருக்கு. பலட்காங்கற ஊர்ப் பக்கத்துல, செயின்ட் ஜான்ஸ் ஆத்தங்கரையில ஒரு வீடு. அங்க ஒரு அலங்காரக் குளம். செடி ரொம்பப் பெருகிடுச்சுன்னு 1890 வாக்குல அதிகமானதை அள்ளி ஆத்துல போட்டுட்டாங்க. ஆத்துல பூ அழகா மிதந்துச்சாம், எல்லாருக்கும் சந்தோசம். 7 வருசத்துல அந்த ஆத்துல படகு போக முடியல, மரம் மிதக்க விட்டுக் கொண்டு போற வியாபாரம் நின்னுச்சு. 1899-ல அமெரிக்க நாடாளுமன்றம் இந்தச் செடியை அகற்றச் சொல்லி ராணுவப் பொறியாளர் படைக்குப் பணம் ஒதுக்குச்சு. ஒரு வீட்டுத் தோட்டக் குளத்தைச் சுத்தம் பண்ணதுக்கு இந்தச் செலவு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச எபிசோடு 1910. லூசியானா மாகாணத்து எம்.பி. ராபர்ட் ப்ரூசார்ட் ஒரு மசோதா கொண்டு வந்தாரு. ஆப்பிரிக்காவுல இருந்து நீர்யானையை இறக்குமதி பண்ணுவோம், அது ஆகாயத்தாமரையைத் தின்னும், நாம நீர்யானையைத் தின்போம்னு. கேட்ட தொகை 2,50,000 டாலர். சிரிக்காதீங்க, அப்ப அங்க மாட்டுக்கறித் தட்டுப்பாடு, பெரிய பத்திரிகைங்களே ஆதரிச்சாங்க. நல்லவேளை மசோதா நிறைவேறல. கொலம்பியாவுல போதைக் கடத்தல்காரன் பாப்லோ எஸ்கோபார் 1980-கள்ல தன் பண்ணைக் குளத்துல விட்ட 4 நீர்யானை இன்னைக்கு நூத்தைத் தாண்டிப் பெருகி அந்த நாட்டு அரசாங்கத்தைத் தூங்க விடாம அடிக்குது. லூசியானா தப்பிச்சுது.

இந்தியாவுக்கு இது வங்காளம் வழியா, 1890-கள்ல, அதே அலங்காரச் செடியாத்தான் வந்துச்சு. முதல் உலகப்போர் சமயத்துல வங்காள விவசாயிங்க இதை 'ஜெர்மன் பானா'ன்னாங்க. எதிரி நாட்டுக்காரன் நம்மளைக் கெடுக்கறதுக்கு விட்ட பாசின்னு வதந்தி. நெல் வயல் மூடிடுச்சு, படகு நின்னுச்சு, மீன் போச்சு. 1921-ல இதை ஆராய ஒரு குழு போட்டாங்க, தலைவர் யாரு தெரியுமா, ஜகதீஷ் சந்திர போஸ். ரேடியோ அலையையும் செடியோட உணர்ச்சியையும் ஆராய்ஞ்ச அதே போஸ். 1936-ல இதுக்குன்னே வங்காளத்துல தனிச் சட்டம் வந்துச்சு. வீட்டுக் குளத்துல வளத்தா குத்தம்.

சரி, இத்தனை பேரும் தோத்தது ஏன்? செடி தன்னைத் தானே காப்பி பேஸ்ட் பண்ணும். பக்கவாட்டுல ஒரு தண்டு நீட்டும், அதோட நுனியில ஒரு புதுச் செடி. சத்துள்ள தண்ணின்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்கு. சாக்கடைத் தண்ணியில நைட்ரஜன், பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கு, அதைவிடச் சத்து என்ன வேணும்? மேல இருக்கறதை எல்லாம் பொக்லைன் வெச்சு வாரிட்டாலும் அடிச் சேத்துல விதை இருக்கு. அது 15, 20 வருசம் கூடத் தூங்கும்.

நான் பவானிக்காரன். எங்க ஊர்ல பவானி ஆறு காவிரியில சேர்ற கூடுதுறைக்குக் கொஞ்சம் முன்னாடி காலிங்கராயன் அணைக்கட்டு. 13ஆம் நூற்றாண்டுல காலிங்கராயன் கட்டினது. அங்க இருந்து வாய்க்கால் நெளிஞ்சு நெளிஞ்சு சுமார் 90 கிலோமீட்டர் போய் நொய்யல்ல சேருது. (பாம்பு போன தடத்துல வெட்டினதால நெளியுதுன்னு கதை. மேட்டு மட்டம் பாத்து வெட்டினா எந்த வாய்க்காலும் நெளியத்தான் செய்யும், ஆனா கதைதான் நிக்குது.) அதாவது பெரியகுளத்துத் தண்ணியும் எங்க ஊர்த் தண்ணியும் கடைசியில ஒரே ஆத்துலதான் போகுது. எங்க மாமாவுக்கு அந்த ஆயக்கட்டுல கொஞ்சம் மஞ்சளும் நெல்லும் உண்டு. வாலாங்குளத்துல ஊதாப்பூ பூத்துக் கிடந்தப்ப எடுத்த ஒரு போட்டோவை அவருக்கு அனுப்பினேன். ராத்திரி போன் வந்துச்சு.

"ஏங் கண்ணு, அங்க அதைப் போட்டோ எடுத்துட்டு இருக்கறீங்களா?"

"அழகா இருந்துச்சுங் மாமா."

"அழகுதான். இங்க மதகுல வந்து அடைச்சுக்கிட்டு தண்ணி விடாம நிக்குது. ரெண்டு ஆள் கூலி குடுத்து அருவாள்ல வெட்டி இழுத்தோம். நாத்தம் சொல்லி மாளாது. அங்கிருந்து ஒரு ஆளைப் பூப்பறிக்க அனுப்பு."

கடைமடைக்குத் தண்ணி போகலீன்னா முறைத் தண்ணிக்காகச் சண்டை வரும், பேச்சு வார்த்தை நிக்கும். அதனால அவரு சிரிச்சுட்டேதான் சொன்னாரு, நான் அதைச் சிரிப்பா எடுத்துக்கல. காவிரியிலயும் இதே கதை. மேட்டூருக்குக் கீழ ஊராட்சிக்கோட்டை, சமயசங்கிலின்னு மின்சாரத்துக்காக வரிசையா கதவணை கட்டி வெச்சிருக்கோம். ஓடற ஆறு அங்கங்க நிக்கற குளம் ஆயிடுச்சு. சாயப்பட்டறைத் தண்ணியும் ஊர்ச் சாக்கடையும் சேந்தா, கரையில இருந்து கரைக்குப் பச்சைக் கம்பளம். ஜமக்காளத்துக்குப் பேர் போன ஊர்ல ஆத்துக்கும் ஒண்ணு விரிச்ச மாதிரி.

அடுத்தவரு ஜிலேபி. உக்கடம் மீன் மார்க்கெட்டுல விலை கேட்டா குறைவாச் சொல்ற மீன். இதோட உண்மைப் பேரு மொசாம்பிக் திலேப்பியா. திலேப்பியா நம்ம வாயில விழுந்து ஜிலேபி ஆயிடுச்சு. 1852-ல ஜெர்மன் விஞ்ஞானி பீட்டர்ஸ் மொசாம்பிக்ல இருந்து கொண்டு வந்து பேர் வெச்ச மீன், 1930-கள் கடைசியில திடீர்னு ஜாவாத் தீவோட தென்கரையில ஒரு கழிமுகத்துல கிடைக்குது. ஆப்பிரிக்க மீன் அங்க எப்படிப் போச்சு? அலங்கார மீன் வளக்கறவங்க கைவழியாப் போயிருக்கலாம்னு யூகம் இருக்கு. கண்டுபிடிச்சவரு முஜாயிர்ங்கற ஊர்க்காரர். கடல் தண்ணி மீனைக் கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணிக்குப் பழக்கினாரு. இன்னைக்கும் இந்தோனேசியாவுல அந்த மீனுக்கு அவரு பேருதான். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் ஜாவாவைப் பிடிச்சப்ப வழக்கமா வளக்கற பால்மீன் குஞ்சு கிடைக்காமப் போக, இந்த மீனைக் குளத்துக்குக் குளம் விட்டாங்க. போர் முடிஞ்சதும் பஞ்சத்துக்கு மருந்து இதுதான்னு உலகம் பூரா கிளம்பிடுச்சு.

1952-ல பாங்காக்கில இருந்தும் இலங்கையில இருந்தும் நம்ம மண்டபத்துக்கு வந்துச்சு. சுதந்திரம் கிடைச்சு 5 வருசம், வயித்துக்குப் புரதம் வேணும், எதையும் தின்னு எங்கயும் வளர்ற மீன். அப்ப அந்த மேசையில நான் உக்காந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். சிக்கல் என்னன்னா, இந்த மீன் முட்டையைத் தண்ணியில விட்டுட்டுப் போறதில்ல. அம்மா மீன் முட்டையை வாயில வெச்சுக் காப்பாத்தும். குஞ்சு பொரிச்ச பிறகும் ஆபத்துன்னா குஞ்சுங்க ஓடி வந்து வாய்க்குள்ள புகுந்துக்கும். ரெண்டு மூணு மாசத்துலயே அடுத்த தலைமுறை ரெடி. இடம் நெருக்கமானா உடம்பைக் குள்ளமா வெச்சுக்கிட்டு எண்ணிக்கையைக் கூட்டும். உடுமலை பக்கம் அமராவதி அணையில கொஞ்ச வருசத்துலயே பிடிக்கிறதெல்லாம் இதுவா ஆயிடுச்சு. 1959-லயே இனி புதுசா விடாதீங்கன்னு மீன்வள ஆய்வுக் குழு சொல்லுச்சு. 7 வருசத்துல முடிவை மாத்தினாங்க, அதைப் பாராட்டணும். மீனுக்குத்தான் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரல.

மூணாவது, கம்பூசியா. ரெண்டு அங்குல மீன். இதைத்தான் டெங்கு சீசன் வந்தா பக்கெட்டுல கொண்டு வந்து குளத்துலயும் கிணத்துலயும் விடறாங்க, போட்டோவும் பேப்பர்ல வரும். கியூபாவுல 'கம்பூசினோ'ன்னா ஒண்ணுமில்லாதது. மீன் பிடிக்கப் போய் வெறுங்கையா வந்தா 'கம்பூசினோ பிடிச்சேன்'ம்பாங்களாம். அதுல இருந்து பேர். 1897 ஆகஸ்ட் 20 அன்னைக்கு செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துல மலேரியாக் கிருமியைப் பாத்தாரு. அந்த நாளுக்கு அப்புறம் உலகத்துல தேங்கின தண்ணி எல்லாமே சந்தேக நபர் ஆயிடுச்சு. அலங்காரக் குளம், ஃபவுண்டன், கிணறு, தொட்டி எல்லாம். நகரத்து மலேரியாவைப் பரப்பற அனாபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசுவுக்குச் சுத்தமான தொட்டித் தண்ணிதான் பிடிக்கும்.

1905-ல டெக்சாஸ்ல இருந்து 150 மீன் வாக்குல ஹவாய்க்குக் கொண்டு போனாங்க. புழுவைத் தின்னுச்சு. அங்கிருந்து ஒவ்வொரு நாடா. இத்தாலிக்கு 1922-ல போச்சு, இத்தாலியில இருந்து 1928-ல பெங்களூருக்கு வந்துச்சு. அந்தக் காலத்து ஆளுங்களைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணை நினைக்கணும். 1934-ல மேட்டூர் அணை வந்து புது வாய்க்கால் போன பட்டுக்கோட்டைப் பக்கம் மலேரியா பரவி, ராக்பெல்லர் அறக்கட்டளை ஆள் வந்து ஆராய்ச்சி பண்ற அளவுக்குப் போச்சு. தண்ணி வந்தா நெல் வரும்னு பாத்தாங்க, கூடவே காய்ச்சலும் வந்துச்சு. டி.டி.டி. இன்னும் வராத காலம். ஒரு சின்ன மீன் புழுவைத் தின்னும்னா யாரு வேண்டாம்பாங்க?

ஆனா அந்த மீன் புழுவை மட்டும் தின்னல. 1972-ல கலிபோர்னியாவுல செயற்கைக் குட்டை வெட்டி ஒரு சோதனை பண்ணாங்க. சிலதுல கம்பூசியா விட்டாங்க, சிலதுல விடல. விட்ட குட்டையில தண்ணிப்பேன்னு சொல்ற டாப்னியா மாதிரி நுண்ணுயிர்களைத் தின்னு தீர்த்துச்சு. அந்த டாப்னியாதான் பாசியை மேயற மாடு. மாடு போனதும் பாசி பொங்கித் தண்ணி பச்சையா மாறிடுச்சு. 1980-கள்லயே உலக சுகாதார நிறுவனம் புது இடங்கள்ல இதை விடாதீங்கன்னு சொல்லியாச்சு. நம்ம ஊர் வாய்க்கால்ல தலையில ஒரு வெள்ளிப் பொட்டு வெச்ச சின்ன மீன் ஒண்ணு மேலாகவே நீந்தும், பாத்திருப்பீங்க. பாஞ்சாக்ஸ்னு சொல்றது. கொசுப்புழுவை அதுவும் நல்லாத் தின்னும். இங்கயே பொறந்தது. பக்கெட்டுல அதை விடலாமேன்னு கேட்டா, கம்பூசியா முட்டை போடாம நேரா குஞ்சு போடும், மாசத்துக்கு ஒரு ஈடு, வளக்கறது சுலபம்னு பதில் வரும். சுலபம்ங்கறது எவ்வளவு பெரிய காரணம்னு ஆபீஸ்ல வேலை செய்யற நம்ம எல்லாருக்கும் தெரியும்.

இப்ப மூணு பேரையும் ஒரே குளத்துல வெச்சு ஒரு ராத்திரி பாருங்க. நாம நடைபாதையில லைட்டைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயாச்சு. பகல்ல பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும், மதியம் தண்ணியில ஆக்சிஜன் ஏராளம். இருட்டினதும் உற்பத்தி நிக்கும், செலவு நிக்காது. பாசி, மீன், சேத்துல சாக்கடைக் கழிவைத் தின்னுட்டு இருக்கற பாக்டீரியா எல்லாமே மூச்சு விடும். விடியக்காலை 4, 5 மணிக்கு ஆக்சிஜன் தரைமட்டத்துக்குப் போகும். ஆகாயத்தாமரை மூடின இடத்துல கீழ வெளிச்சமே போகாததால அங்க பகல்லயே ராத்திரிதான். மழை பெய்ஞ்சு புதுச் சாக்கடை ஒரேயடியா வந்து சேந்தா, காலையில மீன் செத்து மிதக்குதுன்னு செய்தி. அப்பவும் கடைசியா சாகறது ஜிலேபிதான். மேல்மட்டத்துல வாயை வெச்சு காத்துப் படற தண்ணியைக் குடிச்சே தாக்குப் பிடிக்கும். சேத்துல ரத்தச் சிவப்பா ஒரு புழு இருக்கும். கொசு மாதிரியே இருக்கற, ஆனா கடிக்காத ஒரு பூச்சியோட குழந்தை அது. அதோட உடம்புல நம்ம ரத்தத்துல இருக்கற மாதிரியே ஹீமோகுளோபின், அதான் காத்தில்லாத சேத்துல வாழுது. அந்தப் புழு நிறைய இருந்தா தண்ணி கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்.

இதோட கதையை முடிச்சிருந்தா வில்லன் மூணு பேரு, ஹீரோ நாமன்னு சுலபமா இருக்கும். அப்படி இல்ல. பெரியகுளத்துல கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் பாக்கறதுக்குக் காலையில கேமராவோட வர்றாங்களே, அந்தப் பறவைங்க முழுங்கறது பெரும்பாலும் ஜிலேபியைத்தான். நீளவால் இலைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் ஆகாயத்தாமரை மேல நடந்து மேயும், அதுலயே கூடும் கட்டும். பரிசல்ல போய் வலை போடறவங்க குடும்பம் நடக்கறது ஜிலேபியால. கம்மி காசுல மீன் குழம்பு வைக்கற வீடுங்க இந்த ஊர்ல எத்தனை. ஒரே நாள்ல மூணையும் எடுத்துட்டா குளம் சுத்தமாகாது, காலியாகும். பழைய சிஸ்டம்ல யாரோ எழுதின மோசமான கோடு மேல பத்து சர்வீஸ் ஓடிட்டு இருக்கற மாதிரி.

செடிக்கு மட்டும் ஒரு எதிரி உண்டு. அதோட சொந்த ஊர்ல அதைத் தின்னே வாழற நியோகெட்டினாங்கற கூன்வண்டு, அரை சென்டிமீட்டர் கூட இருக்காது. 1980-கள் தொடக்கத்துல பெங்களூர்ல இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க அதை வரவழைச்சு, நம்ம பயிர் எதையும் தொடலைங்கறதைச் சோதிச்சுப் பாத்துட்டு ஏரிகள்ல விட்டாங்க. மூணு நாலு வருசத்துல சில ஏரிகள்ல செடி அடங்கிடுச்சு. ஆப்பிரிக்காவோட விக்டோரியா ஏரியிலயும் 1990-கள்ல இதே வண்டு பெரிய வேலை பாத்துச்சு. ஆனா வண்டுக்கு நேரம் வேணும். நாம வருசா வருசம் டெண்டர் விட்டு மிஷின்ல செடியை வாரறப்ப வண்டையும் சேத்து வாரிடறோம். மிச்சமிருக்கற செடி சாக்கடை குடிச்சு வண்டை விட வேகமா வளருது. சாக்கடையை நிறுத்தாத வரைக்கும் எந்த வண்டும் ஜெயிக்காது, இதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

இங்கதான் முதல்ல சொன்ன வருசக் கணக்குக்கு வரணும். பழைய குளம் கோடையில வத்துச்சு. நம்ம ஊர் உயிர்ங்க எல்லாம் அதுக்குத் தயாராத்தான் இருந்துச்சு. விரால் காத்தை நேரா சுவாசிக்கும், ஈரச் சேத்துல பல நாள் கிடக்கும். டாப்னியா ஓடு போட்ட முட்டையைச் சேத்துல விட்டுட்டுச் சாகும், அடுத்த மழைக்குப் பொரியும். மத்த மீன்ங்க புது வெள்ளத்தோட ஆத்துல இருந்து வாய்க்கால் ஏறி வரும். காய்ஞ்ச குளத்துல கம்பூசியா நிக்காது. ஜிலேபி ஏதாவது குட்டையில ஒதுங்கினாத்தான் உண்டு, கொக்கு பாத்துக்கும். ஆகாயத்தாமரையோட விதை மட்டும் பிழைக்கும், ஆனா செடி செத்து, மண்ணை வயலுக்கு அள்ளிட்டுப் போற ஊர்ல அதுக்கும் சிரமம்தான். குளத்துக்கு வருசத்துக்கு ஒரு ரீசெட் பட்டன் இருந்துச்சு.

அலங்காரக் குளத்துக்கு அந்தப் பட்டன் கிடையாது. எப்பவும் நிறைஞ்சிருக்கணும், அப்பத்தான் லைட்டு தண்ணியில தெரியும், படகு ஓடும். கோடையிலயும் சாக்கடை வந்து நிரப்பிக்கிட்டே இருக்கு. கரைச்சரிவுல கோரையும் நாணலும் நின்ன இடத்துல கல்லும் கான்கிரீட்டும் வந்ததால குஞ்சு மீனும் தவளையும் ஒதுங்கற ஆழமில்லாத விளிம்பு பல இடத்துல போயிடுச்சு. பறவை பாக்கறவங்க இதைத் திட்டம் வரைபடமா இருந்தப்பவே சொன்னாங்க. வத்தாத, விளிம்பில்லாத, சத்து கொட்டிக் கிடக்கற தண்ணி. வெளியூர்க்காரங்க மூணு பேருக்கும் இதைவிட வசதியான வீட்டை யாராலும் வரைஞ்சு குடுக்க முடியாது. நடைபாதை வேண்டாம்னு நான் சொல்லல. மூச்சு விட இடமில்லாத ஊர்ல அது பெரிய விசயம், நானே அங்க நடக்கறேன். ஆனா அடுத்து குறிச்சியோ சிங்காநல்லூரோ எந்தக் குளத்துக்கு வரைபடம் போட்டாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. கோடையில இதை வத்த விடுவீங்களா? கரையில எவ்வளவு தூரம் மண்ணாவே விடுவீங்க? வார்டு கவுன்சிலர் கிட்டக் கேக்கலாம், கருத்துக் கேட்புக் கூட்டத்துல கேக்கலாம்.

இன்னொண்ணு. வீட்டுல தொட்டி வெச்சிருக்கறவங்க, வீடு மாறுறப்ப மீனைக் குளத்துல விட்டுப் 'புண்ணியம்' தேடாதீங்க. கண்ணாடியை ஒட்டிக்கிட்டுப் பாசி சுரண்டற டேங்க் கிளீனர் மீன் தமிழ்நாட்டுல பல ஏரியில இப்ப வலையைக் கிழிச்சுக்கிட்டு வருது. முள்ளு, தடிச்ச தோலு, பெரும்பாலும் வாங்க ஆளில்ல. கடையில திருப்பிக் குடுங்க, தெரிஞ்சவங்களுக்குக் குடுங்க. 1890-ல பலட்காவுல ஒரு வீட்டுல செஞ்சது ஞாபகம் இருக்குதில்ல.

மாமாகிட்ட இந்த எபிசோடுக்காக மறுபடி பேசினேன். வாய்க்கால்ல தண்ணி நிறுத்தற மாசம் வந்தா மராமத்து நடக்கும், மதகுல சிக்கினது எல்லாம் காய்ஞ்சு சருகாயிடும், அள்ளித் தென்னைக்கு அடியில போட்டுருவோம்னாரு. "உங்க குளத்துக்கு எப்பக் கண்ணு தண்ணி நிறுத்துவாங்க?"ன்னு கேட்டாரு.

அடுத்த வாரம் ஜமக்காளம். 'பவானி'ங்கற பேரு யாருக்குச் சொந்தம்ங்கற புவிசார் குறியீட்டுக் கதையோட வர்றேன். வர்றேனுங்க.